மூக்கில் ரத்தம், ஜெர்ஸியில் கறை: ஒரு பி.இ.டி. மாஸ்டரின் நான்கு கேள்விகள்

தென்மாவட்டம் ஒன்றில், அரசு உதவிபெறும் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவர் எழுதியிருக்கிறார். வயது 31. ஆளும் ஊரும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடிதம் ஆறு பக்கம். சாரம் இதுதான்.

குறுமைய அளவிலான கூடைப்பந்துப் போட்டி, 17 வயதுக்குட்பட்ட மாணவர் பிரிவு, இறுதி ஆட்டம். இவர்தான் நடுவர். மூன்றாவது குவார்ட்டரில் ரீபவுண்டுக்கு (கூடையில் விழாமல் திரும்பும் பந்துக்கு) எழும்பும்போது, எதிரணிப் பையனின் முழங்கை ஒன்பதாம் எண் பையனின் மூக்கில் இடித்துவிட்டது. வேண்டுமென்று இடித்ததல்ல. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். பையனை உட்காரவைத்துத் தலையைப் பின்னால் சாய்த்தார்கள், யாரோ உச்சந்தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். சிமென்ட் தரையில் சிந்தியதை இவரே தன் கைக்குட்டையால் துடைத்தார். மூன்று, நான்கு நிமிடத்தில் மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு பையன் திரும்ப இறங்கிவிட்டான். வெள்ளை ஜெர்ஸி, நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சிவப்பு.

இரண்டு நிமிடம் ஆடியிருப்பான். எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து, "ரத்தம் பட்ட சட்டையோட எப்படி சார் விடுறீங்க?" என்று கத்தினார். இவர் பையனை வெளியே அனுப்பினார். மாற்று ஜெர்ஸி கிடையாது, கடைசிவரை அவன் பெஞ்சிலேயே இருந்தான். அணி 2 புள்ளியில் தோற்றது. இப்போது அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் புகார் எழுதப்போவதாகச் சொல்கிறாராம். பிறகு யூடியூபில் அமெரிக்கப் பள்ளி நடுவர் ஒருவர் "ஒரு துளி ரத்தம் இருந்தாலும் வெளியே" என்று விளக்குவதைப் பார்த்து, தான் செய்தது சரிதான் என்று இவர் கொஞ்சம் தேறியிருக்கிறார்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பயிற்சியாளர் காதோடு சொன்னது வேறு: "அது விடுதிப் பையன் சார். அப்பா அம்மா யாருன்னே தெரியாது. உடம்புல என்ன இருக்கோ! அந்த ஸ்கூல்ல சொல்லி பிளட் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க." அன்று காலை கூடையில் நெட் கட்டும்போது கம்பி கிழித்து இவருடைய ஆள்காட்டி விரலில் ஒரு கீறல். ரத்தத்தைத் துடைத்ததும் அதே கை. கடிதம் எழுதும்போது பதினொரு நாள் ஆகியிருந்தது, சரியான தூக்கமில்லை.

கேள்விகள் நான்கு. என் முடிவு சரியா? பையனுக்கு ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்லலாமா? எனக்கு ஏதாவது வந்திருக்குமா? நான்காவதைக் கூச்சத்தோடு கேட்டிருக்கிறார்: அடுத்த மாதம் மாணவியர் ஆட்டத்துக்கும் இவர்தான் நடுவர். யாருக்காவது மாதவிடாய்க் கறை ஷார்ட்ஸில் தெரிந்தால் என்ன செய்வது?

மாஸ்டர், உங்கள் நான்கு கேள்வியிலும் இல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. கடிதம் கிடைத்த அன்றே அதற்காகத்தான் உங்களுக்குப் போன் செய்தேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். தூங்காமல் இருக்கிறீர்கள் என்பதால் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

உங்கள் விரல்

எச்.ஐ.வி. உள்ளவர் என்று உறுதியாகத் தெரிந்த ஒருவரின் ரத்தம் படிந்த ஊசி மருத்துவமனையில் ஒரு நர்ஸின் கையில் குத்திவிடுகிறது என்று வையுங்கள். மருந்து எதுவும் எடுக்காவிட்டாலும் அப்படி ஆயிரம் பேருக்குக் குத்தினால் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். கண்ணிலோ வாயிலோ தெறித்தால் அது ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே. உங்களுக்கு நடந்தது இரண்டுமில்லை. காலையில் பட்டு, மாலைக்குள் காய்ந்து மூடியிருக்கக்கூடிய மேலோட்டமான கீறல், நடுவில் ஒரு கைக்குட்டை. அதோடு, அந்தப் பையனுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று யார் சொன்னது? ஒரு பயிற்சியாளரின் வாய் சொன்னது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஒருவரையொருவர் முட்டி மோதி ஆடும் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தை வைத்து 1995-இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். எட்டரைக் கோடி மோதலுக்கு ஒரு தொற்றுகூட வராது என்று கணக்கு வந்தது. கூடைப்பந்தில் அந்த அளவு மோதலே கிடையாது.

நான் உண்மையில் யோசிப்பது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் பற்றி. மைதானத்தில் ரத்தம் என்றால் எல்லோருக்கும் எச்.ஐ.வி.தான் ஞாபகம் வருகிறது, ஆனால் ஹெபடைட்டிஸ் பி அதைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். காய்ந்த ரத்தத்திலும் ஏழு நாள்வரை உயிரோடிருக்கும். ஜப்பானில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் சுமோ மல்யுத்தக் குழுவில் ஐந்து பேருக்கு அது பரவியது 1982-இல் மருத்துவ இதழில் வந்தது. காயங்களோடு மல்லுக்கட்டிய ஒரு மாணவனிடமிருந்து மற்றவர்களுக்குப் போயிருக்கிறது. அவன் நோயாளியாகத் தெரியவில்லை, அவனுக்கே தெரியாது. விளையாட்டில் ரத்தத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் இந்தக் கதையைச் சொல்வேன். பார்வைக்கு நன்றாக இருப்பவன், இல்லாதவன் என்று பிரிப்பதில் அர்த்தமே இல்லை என்று அது காட்டுகிறது.

நல்ல செய்தி, இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கு ஒரே) ஊசி வந்தபிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அதிலேயே சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் வயதுக்காரர்களில் பலருக்குப் போட்டிருக்காது. ஆகவே செய்ய வேண்டியது இது: மாவட்ட அரசு மருத்துவமனையில் நம்பிக்கை மையம் இருக்கும். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம், ரகசியம் காப்பார்கள். நேரில் போகத் தயக்கமென்றால் முதலில் 1097 எண்ணில் பேசலாம். இப்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை பாருங்கள். கூடவே ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டையும் பார்த்துவிடுங்கள். பி இல்லையென்றால் தடுப்பூசியைத் தொடங்குங்கள்: இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று. பரிசோதனையில் ஏதோ வரும் என்று நினைத்து இதைச் சொல்லவில்லை. உங்களைத் தூங்கவைக்க என் வார்த்தையைவிட அந்தக் காகிதம் உதவும்.

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை இருக்கிறதே, அதை எடுத்திருக்கலாமோ என்றும் கேட்டிருந்தீர்கள். அதை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த நேரம் போய்விட்டது. அன்றே என்னிடம் வந்திருந்தாலும் இந்தக் கீறலுக்கு அது வேண்டாம் என்றுதான் அநேகமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் இன்னொரு நாள் ஆழமான வெட்டில் நிறைய ரத்தம் பட்டால் பதினொரு நாள் காத்திருக்காதீர்கள். சோப்பும் ஓடுகிற தண்ணீரும் போட்டுக் கழுவிவிட்டு, அன்று இரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

விசில், ஜெர்ஸி, ஸ்கோர் ஷீட்

நான் மருத்துவன், நடுவர் அல்ல. கல்லூரி அணியில் இருந்தேன், ஆடியதைவிடப் பெஞ்சைத் தேய்த்ததே அதிகம். இருந்தாலும் பள்ளிப் போட்டிகளில் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்து உட்கார்ந்து விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கம் மனப்பாடம் ஆகிவிட்டது.

யூடியூபில் நீங்கள் பார்த்தது பொய்யல்ல. அமெரிக்க மேல்நிலைப் பள்ளி விதியில் சீருடையில் எவ்வளவு ரத்தம் இருந்தாலும், துளியானாலும், ஆட்டக்காரர் வெளியே போக வேண்டும். ஆனால் அது அவர்கள் ஊர் விதி. நம்மூரில் ஆடுவது ஃபீபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. அது பேசுவது உடம்பைப் பற்றி: ரத்தம் வடிந்தாலோ திறந்த காயம் இருந்தாலோ அந்த ஆட்டக்காரரை மாற்ற வேண்டும். ரத்தம் நின்று, காயம் முழுதாக, கழன்றுவிடாதபடி மூடப்பட்ட பிறகுதான் திரும்ப வரலாம். ஏதாவது ஓர் அணி டைம் அவுட் எடுத்து, மாற்று ஆட்டக்காரருக்கான சைகை வருவதற்குள் ரத்தம் நின்றுவிட்டால் அவர் வெளியே போகாமலே தொடரலாம். ஜெர்ஸிக் கறையைப் பற்றி அந்த விதியில் தனியாக எதுவும் இல்லை. விதியில் சொல்லாத விஷயங்களில் முடிவெடுக்கும் அதிகாரத்தைத்தான் தலைமை நடுவருக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆக, உங்கள் முதல் விசில் சரி. ஜெர்ஸிக்காக வெளியே அனுப்பியதும் உங்கள் அதிகாரத்துக்குள் வருவதுதான், வடியும் அளவு ஈரமாக இருந்ததால் மருத்துவ ரீதியாகவும் சரி. தவறு நடுவில் நடந்திருக்கிறது. பஞ்சோடும் ஈர ஜெர்ஸியோடும் அவன் கோட்டைத் தாண்டி உள்ளே வந்தபோது நீங்கள் அவனைப் பார்க்கவில்லை. அங்கேயே நிறுத்தி, "சட்டையை மாத்திட்டு வா" என்று சொல்லியிருந்தால் அது நடுவரின் முடிவு. எதிரணி கத்தியபிறகு அனுப்பியதால், கத்தியவரின் முடிவாக அது எல்லோர் கண்ணுக்கும் பட்டது. தலைமையாசிரியரின் கோபமும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. மூக்கில் பஞ்சை அடைத்தால் ரத்தம் நின்றதாக ஆகாது. பஞ்சுக்குப் பின்னால் தொண்டை வழியாக இறங்கிக்கொண்டே இருக்கும். வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

காய்ந்த சின்னப் புள்ளியையும் ஈரக் கறையையும் எப்படிப் பிரிப்பது? நான் செய்வது எளிது. வெள்ளை டிஷ்யூ ஒன்றைக் கறைமேல் வைத்து அழுத்துவேன். டிஷ்யூ சிவந்தால் ஜெர்ஸி மாற வேண்டும், ஏனென்றால் அடுத்த ஸ்கிரீனில் (எதிராளியை உடம்பால் மறித்து நிற்கும்போது) அது அவன் தோள்மேல் ஒட்டும். சிவக்காவிட்டால் ஆடட்டும்.

மாற்று ஜெர்ஸிதான் நம் பள்ளிகளின் உண்மையான பிரச்சினை. விதிப்படி அணிக்கு இரண்டு செட் வேண்டும், குறுமைய ஆட்டத்துக்கு வருகிற எத்தனை பள்ளியிடம் அது இருக்கிறது? அதனால் நான் ஒவ்வொரு பி.இ.டி.யிடமும் கெஞ்சுவது, பன்னிரண்டு பேரில் யாரும் போடாத எண்ணில், அதே நிறத்தில், இரண்டே இரண்டு ஜெர்ஸி கூடுதலாகத் தைத்து வையுங்கள். அதுவும் இல்லையென்றால் பெஞ்சில் இருக்கும் பையனின் ஜெர்ஸியை வாங்கிப் போடலாம். அப்போது எந்தப் பையன் எந்த எண்ணில் இருக்கிறான் என்று ஸ்கோர் டேபிளிலும் எதிரணிக் கேப்டனிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒன்பதின் மூன்று ஃபவுலும் பதினாலின் கணக்கில் போய்ச் சேரும், அந்தச் சண்டை ரத்தச் சண்டையைவிடப் பெரிது.

புகாரைப் பற்றி: ஃபீபா முறையில் ஆட்டம் முடிந்து 15 நிமிடத்துக்குள் கேப்டன் உங்களிடம் சொல்லி ஸ்கோர் ஷீட்டில் அதற்கான இடத்தில் கையெழுத்திட்டால்தான் அது புரொட்டஸ்ட். கையெழுத்தே இல்லை என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். முடிவு மாறப்போவதில்லை. ஆனாலும் அவர் கேட்டால் நடந்ததை நேரத்தோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொடுங்கள், முன்பே கவனிக்கத் தவறியதையும் சேர்த்து. யூடியூப் வீடியோவை மட்டும் அதில் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அந்தப் பையனுக்குப் பரிசோதனை

கேட்கக் கூடாது. கேட்கச் சொன்னவரிடம் இதைச் சொல்லலாம்: எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2017, நாடு முழுக்க 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்புதல் இல்லாமல் ஒருவருக்கு அந்தப் பரிசோதனை செய்யக் கூடாது. தன் நிலையை வெளியே சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. பள்ளி உள்பட எந்தக் கல்வி நிறுவனமும் அதைக் காட்டிப் பாகுபாடு காட்ட முடியாது. "ஆடணும்னா ரிப்போர்ட் கொண்டு வா" என்று ஒரு பள்ளிப் பையனிடம் சொல்வது சட்ட விரோதம். விடுதிப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்வதை என்னவென்று சொல்ல, நீங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சுக்கு, அவனுக்கு இருந்தாலும்தான் என்ன? அமெரிக்கக் கூடைப்பந்து நட்சத்திரம் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1991 நவம்பர் 7 அன்று உலகத்துக்கே சொன்னார். அடுத்த பிப்ரவரியில் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஆடிச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார், அதே வருடம் பார்சிலோனாவில் ஒலிம்பிக் தங்கம். அப்போதும் சக ஆட்டக்காரர்கள் சிலர் கீறலையும் ரத்தத்தையும் சொல்லிப் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கு விளையாட்டு உலகம் கண்டுபிடித்த பதில் யாரையும் சோதிப்பது அல்ல: யாருடைய ரத்தமானாலும் ஒரே மாதிரி நடத்து, காயத்தை மூடு, தரையைத் துடை, ஆட்டத்தைத் தொடர். அந்த முழங்கை மாறிப் பட்டு, பயிற்சியாளருடைய சொந்தப் பையனின் மூக்கில் ரத்தம் வந்திருந்தாலும் நீங்கள் கையுறை போட்டிருக்க வேண்டும்.

கையுறை என்றதும் ஞாபகம் வருகிறது, தரையைத் துடைப்பது நடுவர் வேலை அல்ல. முதலுதவிப் பெட்டியோடு ஓர் ஆளை ஸ்கோர் டேபிள் பக்கத்தில் உட்காரவையுங்கள். கையுறை நாலு ஜோடி, பழைய செய்தித்தாள், ஒரு பிளாஸ்டிக் பை, பிளீச்சிங் பவுடர். லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், அன்றன்று காலையில் கரைத்தது. முதலில் காகிதத்தால் ரத்தத்தை ஒற்றி எடுத்துப் பையில் போட்டுவிட்டு, பிறகு கரைசலை ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். ஆட்டம் நின்றால் நிற்கட்டும். கடைசியில் சுத்தத் தண்ணீரால் கழுவி உலர்த்தாவிட்டால் அடுத்த பையன் அதில் வழுக்குவான். ஜெர்ஸிக்கு பிளீச்சிங் வேண்டாம், சாயம் போய்விடும். கையுறை போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்துச் சோப்புப் போட்டால் போதும். வெந்நீரில் போட்டால் கறை அங்கேயே குடியிருக்கும்.

மாணவியர் ஆட்டம்

இதைக் கேட்டதற்கு நன்றி, கூச்சப்பட எதுவுமில்லை. மாதவிடாய் காயம் அல்ல. "ரத்தம் வடியும் ஆட்டக்காரர்" என்ற விதியை அதற்கு நீட்டாதீர்கள். விசிலை ஊதி, விரலை நீட்டி, பதினைந்து வயதுப் பிள்ளையை ஊர் முன்னால் வெளியே போகச் சொன்னால் அவள் அதற்கப்புறம் பந்தையே தொட மாட்டாள். அப்படி ஆட்டத்தை விட்ட பெண்களை எனக்குத் தெரியும்.

பந்து தானாக நிற்கும்வரை பொறுங்கள், அரை நிமிடத்தில் நின்றுவிடும். அணியோடு வந்த ஆசிரியையிடமோ கேப்டனிடமோ மெல்ல ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் மாற்று ஆளை இறக்குவார்கள், அல்லது டைம் அவுட் கேட்பார்கள். அந்தப் பெண் உடை மாற்றி வந்ததும் தயங்காமல் உள்ளே விடுங்கள். மாற்றிய ஷார்ட்ஸின் நிறம் கொஞ்சம் வேறாக இருந்தால் அன்றைக்குக் கண்டுகொள்ளாதீர்கள். இதையெல்லாம்விட முக்கியம், ஆட்டத்துக்கு முன்பு இரண்டு அணி ஆசிரியைகளையும் கூப்பிட்டு, "ஏதாவது தேவைப்பட்டா எனக்கு ஒரு சைகை காட்டுங்க, காரணம் கேக்க மாட்டேன்" என்று சொல்லிவிடுவது. உடை மாற்ற ஓர் அறை திறந்திருக்கிறதா, அதில் தண்ணீர் வருகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். பல மைதானங்களில் அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறதென்றே தெரியாது.

நீங்கள் கேட்காதது

ஆறு பக்கத்தில் ஜெர்ஸி இருக்கிறது, புகார் இருக்கிறது, உங்கள் விரல் இருக்கிறது. அந்தப் பையனின் மூக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, அன்று மைதானத்தில் இருந்த யாருக்கும் அது தோன்றவில்லை.

மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற கீழ்ப்பகுதியை விரலால் சேர்த்துப் பிடித்து, வாயால் மூச்சு விட வேண்டும். பத்து நிமிடம், நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல். ஆகவே மூன்று நிமிடத்தில் அவன் இறங்கியிருக்கவே முடியாது, ஜெர்ஸி பிரச்சினையும் வந்திருக்காது. முழங்கை இடி என்பதால் தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா, ஸ்கோர் என்ன என்று கேட்டால் சொல்கிறானா என்றும் பார்த்திருக்க வேண்டும். இன்னொன்று, மூக்கின் நடுத்தண்டில் ரத்தம் கட்டிக்கொண்டால் மூக்கு அடைத்து, வலி கூடும். ஓரிரு நாளில் வடித்துவிடாவிட்டால் குருத்தெலும்பு கெட்டு மூக்கு உட்கார்ந்துவிடும். எலும்பு விலகியிருந்தால் அந்த வயதில் விலகியபடியே வேகமாகக் கூடிவிடும். முதல் வாரம், பத்து நாளுக்குள் சரிசெய்வது சுலபம், அதற்கப்புறம் கஷ்டம்.

போனில் இதைக் கேட்டுவிட்டு அன்று மாலையே விடுதிக்குப் போனீர்கள் அல்லவா, அதற்கு உங்களுக்கு ஒரு சலாம். "ரெண்டு பக்கமும் மூச்சு வருது சார், வலி இல்லேங்கிறான். ஆனா நேரா நின்னு பார்த்தா மூக்கு லேசா இடப்பக்கம் சாஞ்ச மாதிரி தெரியுது, முன்னாடியே அப்படித்தானான்னு அவனுக்கே தெரியல" என்றீர்கள். விடுதியில் சேரும்போது எடுத்த அவன் புகைப்படம் வார்டனிடம் இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு அவனையும் கூட்டிக்கொண்டு நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனைக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நம்பிக்கை மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கும், உங்கள் வேலையையும் அப்படியே முடித்துக்கொள்ளலாம்.